யோகாக்கா பதிலுக்குக் காத்திருந்த நான்கு மாதக் கடல்

செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மருட் நிலையத்தில் கதவு திறந்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் ஏறியது. அந்தத் தள்ளுமுள்ளில் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. யோகாக்காவின் கணவர் பரமேஸ் அண்ணன் அனுப்பியிருந்தார். "யோகா விடிய ஆறு மணிக்குப் போயிட்டா. நோகேல்லை. உங்களுக்கும் சொல்லச் சொன்னவ." மூன்று மாதமாக எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு அதைத் திரும்பப் படித்து, ரயில் குலுங்கியதில் தடுமாறினேன். பக்கத்தில் நின்ற பிள்ளை ஒன்று தன் இருக்கையைக் காட்டி உட்காரச் சொன்னது. எனக்கு என்ன வயதாகிவிட்டது என்று அந்த நேரத்திலும் ஒரு கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

அலுவலகத்தில் எங்கள் பொது அஞ்சல் பெட்டியைத் திறந்தால், அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருக்கும் ஒரு சரக்குக் கப்பலின் இரண்டாம் அதிகாரி அன்று காலை எழுதியிருக்கிறார். "வணக்கம் மேடம். புதிய வெப்பமானியைப் பொருத்திவிட்டோம், படம் இணைத்திருக்கிறேன். இடம் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்." அந்த மேடம் இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் இறந்திருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். இடம் சரிதான் என்று எழுதி முடிப்பதற்குள் நன்றாக அழுதுவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு யோகேஸ்வரி பரமேஸ்வரனை, ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை பெற்றோருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த யோகாக்காவாகத்தான் தெரியும். இறுதிச் சடங்கில் எனக்கு முன் வரிசையில் இருந்த இருவர், "கடல் சம்பந்தமா ஏதோ ஒபிஸ் வேலை செய்தவ" என்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். அந்த 'ஏதோ'வைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனது ஆறாது. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது என்னைப் பற்றியது. அதைச் சொல்லும் தைரியம் வரும்வரை முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

உலகத்தின் கடல்களில் சரக்குக் கப்பல்களும் பயணக் கப்பல்களும் ஓடும்போது, அவற்றில் பல, தம் வேலையோடு வேலையாகக் கடலின் மேற்பரப்பையும் அளக்கின்றன. நீரின் வெப்பம், உப்பு, காற்றழுத்தம், அலை உயரம். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, விரும்பிச் செய்வது. நாற்பது நாடுகளின் கப்பல்கள் நாற்பது விதமாக அளந்து, நாற்பது விதமாக எழுதி அனுப்புவதை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் 'நல்லது', 'சந்தேகம்', 'தவறு' என்று ஒரு குறி போட்டு, வருடத்துக்கு ஒருமுறை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் தொகுப்பாக வெளியிடுவது ஒஸ்லோவில் எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. அதன் ஒருங்கிணைப்பாளர் யோகாக்கா. உலகம் சூடாகிறது என்று தொலைக்காட்சியில் யாரோ ஒரு வரைபடத்தைக் காட்டும்போது, அந்தக் கோட்டுக்குள் எங்கேயோ அவர் உட்கார்ந்து சரிபார்த்த எண்கள் இருக்கின்றன.

கேட்க அலுப்பான வேலைதான். அவர் கையில் அது அலுப்பாக இல்லை. ஒரு முறை, ஒரு கப்பலின் கிழக்கு மேற்கு மாறிப் பதிவாகி, கணினித் திரையில் அது ஆப்பிரிக்காவின் பாலைவனத்துக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. நானாக இருந்தால் 'தவறு' என்று ஒரு குறியைப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பேன். அவர் கப்பலுக்கே தொலைபேசி எடுத்தார். "கப்டன், உங்கட கப்பலுக்கு முன்னால ஒட்டகம் ஏதும் நிக்குதோ எண்டு ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ" என்று ஆங்கிலத்தில் கேட்டதாக என்னிடம் தமிழில் சொல்லிச் சிரித்தார். கப்டனும் சிரித்திருக்கிறார். பிழை திருத்தப்பட்டது. அந்தக் கப்பல் அதன் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

ஒரு நாட்டின் ஆய்வுக்கூடம் தன் கப்பல்களின் அளவுகளைத் தர மறுத்துவந்தது. அதன் பொறுப்பாளர் காணொளிக் கூட்டங்களில் வந்து உட்கார்ந்து வாயே திறக்காமல் போய்விடுவார். எங்களில் பலர் அவரைக் கஞ்சன் என்றோம். நானும்தான். யோகாக்கா, முன்பு எப்போதோ அவர் தந்திருந்த ஒரே ஒரு கப்பலின் அளவுகளை யார் யார் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடினார். எத்தனையோ கட்டுரைகள், ஒன்றில்கூட அந்தக் கப்பலின் பெயரோ ஆய்வுக்கூடத்தின் பெயரோ இல்லை. அவர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதியவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். "தந்த ஆளின்ர பேரைச் சொல்லாமல் எடுத்தால் அது களவு. ஆங்கிலத்தில எழுதினாலும் களவுதான்" என்பார். இரண்டு வருடம் பிடித்தது. கடைசியில் அந்த மனிதர், கேட்காமலேயே, தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அனுப்பினார். தொகுப்பின் கடைசிப் பக்கங்களில் கப்பல் பெயரும் அளந்த அதிகாரிகளின் பெயரும் வரும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியது.

இனி என் கதை.

நான் தூத்துக்குடிக்காரன். கரைக்கு வருவதற்கு முன் ஒரு சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தோம். காலை வாட்ச், அதாவது மேல்தளத்தில் நின்று கப்பலைக் கவனிக்கும் முறை, என்னுடையது. கடல் நீரின் வெப்பத்தைக் குறித்து அனுப்பும் வேலையும் என் தலையில். எங்கள் கப்பலில் அந்த வெப்பமானி இன்ஜின் அறையில், கடல் நீர் உள்ளே வரும் குழாயில் இருந்தது. கீழே இருக்கும் நாலாம் இன்ஜினியருக்குப் போன் செய்து கேட்டுத்தான் எழுத வேண்டும். அவருக்கும் எனக்கும் மெஸ்ஸில் ஒரு சண்டை. தூத்துக்குடிக்காரனுக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியாது என்று அந்தக் கேரளத்துக்காரர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இன்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதற்காக நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். பேச்சில்லை என்றால் போன் இல்லை. போன் இல்லை என்றால் வெப்பமும் இல்லை. நேற்றைய எண்ணைப் பார்த்து, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதி அனுப்பினேன். நான்கு மாதம், நாள் தவறாமல்.

அந்தக் கடலில் கப்பல்கள் குறைவு. அந்தப் பருவத்தில் அந்த வழியில் அளவு அனுப்பியது கிட்டத்தட்ட நாங்கள் மட்டும்தான். அது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சில மாதம் கழித்து ஒஸ்லோவிலிருந்து ஒரு கடிதம் கப்பலுக்கு வந்தது. வெப்பமானி மாற்றப்பட்டதா, பழுதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தது. கீழே யோகேஸ்வரி என்று ஒரு கையெழுத்து. நம்ம ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று வியந்தேன். 'கருவி நன்றாக இருக்கிறது' என்று பதில் அனுப்பினேன்.

என் மனைவிக்கு ஒஸ்லோவில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தபோது, கப்பல் அனுபவம் உள்ள ஆள் தேவை என்று அந்த அலுவலகமே விளம்பரம் செய்திருந்தது. நேர்முகத்தில் யோகாக்கா என் கடல் சேவைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். கப்பலின் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார். வேலை கிடைத்தது. வேலை என்னவென்றால், கப்பல்கள் அனுப்பும் எண்களில் பொய்யும் பிழையும் கண்டுபிடிப்பது.

மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். என் நான்கு மாதம் ஒரு கோடாக அதில் ஓடியது.

"இது உங்கட கப்பல்தானே?"

"ஆமா மேடம்."

"என்னை மேடம் எண்டாதேங்கோ. யோகாக்கா எண்டு கூப்பிடுங்கோ. இஞ்சை பாருங்கோ, ஆப்பிரிக்காவுக்குக் கிட்டப் போகேக்கை ஒரு சூட்டு நீரோட்டம் இருக்கு. கப்பல் அதுக்குள்ள போனால் ஒரே நாளில வெப்பம் துள்ளி ஏறும். உங்கட கோட்டில துள்ளலே இல்லை. கடல் இவ்வளவு ஒழுங்கா இராது, சேவியர்."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். மீன்குழம்பிலிருந்து எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப, உங்களுக்கு உண்மையிலயே மீன்குழம்பு வைக்கத் தெரியாதோ?" நான் சிரிக்கவில்லை. அக்கா, நீங்களே அதைத் 'தவறு' என்று மாற்றிவிடுங்களேன், காரணமெல்லாம் எதற்கு என்று கெஞ்சினேன்.

"அது ஏலாது. தவறெண்டு நான் போட்டால் அது என்ர ஊகம். காதில கேட்டதை நான் எழுதிறேல்லை. அளந்த ஆள் தன்ர கையால எழுதி, தன்ர பேரைப் போடோணும். எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்கு முதலே தெரியும். தொகுப்பைப் பாக்கிற ஆக்களுக்கெல்லோ தெரியோணும்."

அதுதான் அவர் வேலை செய்யும் முறை. தொகுப்பில் ஒவ்வொரு சந்தேகக் குறிக்கும் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. கேட்டவர் பெயர் இருக்கும். பதில் சொன்னவர் பெயர் இருக்கும். என் நான்கு மாதத்துக்கு எதிரே 'காரணம் கேட்கப்பட்டுள்ளது, கேட்டவர்: யோகேஸ்வரி' என்று மட்டும் இருந்தது; கருவி நன்றாக இருக்கிறது என்ற என் பழைய பதிலை அவர் காரணமாக ஏற்கவில்லை. அதில் என் பெயரை எழுதினால் உலகம் முழுவதும் பார்க்கும். பிழை பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவனே பொய் எழுதியவன் என்று தெரிந்தால் எந்தக் கப்பல் என் கேள்விக்குப் பதில் சொல்லும்? வேலை போனால் வீட்டுக்கு என்ன சொல்வேன்? எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த தொகுப்பில் எழுதிவிடுகிறேன் என்றேன்.

அடுத்த தொகுப்பு வந்தது. வெளியிடுவதற்கு முந்தின வாரம் என் மேசைக்கு வந்து, "இந்த முறை?" என்றார். "அடுத்த வருஷம் கண்டிப்பா, அக்கா" என்றேன். "ஓம்" என்று போய்விட்டார். இப்படிப் பதினொரு தொகுப்புகள். வருடத்துக்கு ஒரு முறைதான் கேட்பார், இரண்டாவது முறை கேட்டதே இல்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. அந்த ஒரு வாரம் நெருங்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் எரிச்சல் வரும். ஒரு வருடம் வேண்டுமென்றே விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அங்கேயும் மின்னஞ்சல் வந்தது. அதே இரண்டு சொல்தான்.

நடுவில் ஒரு வருடம், தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள். அந்தச் சூட்டு நீரோட்டம் ஒரு பருவத்தில் மட்டும் காணாமல்போயிருக்கிறது, அது ஏன் என்றுதான் ஆறு மாதமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். சந்தேகக் குறி இருப்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பருவத்துக்கு வேறு அளவு கிடையாததால் எடுத்திருக்கிறாள். நம்பலாமா என்று கேட்டிருந்தாள். நீரோட்டம் எங்கும் போகவில்லை. நான்தான் போன் செய்யவில்லை. யோகாக்கா அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி, "நீங்களே பதில் எழுதுங்கோ" என்றார். 'எச்சரிக்கையுடன் பயன்படுத்தவும்' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய கேவலமான வாக்கியம் அது. அவர் அதன் கீழே, பதில் கிடைக்கும்வரை இந்த அளவுகளை அறவே விட்டுவிடும்படி அந்தப் பெண்ணுக்குத் தன் பெயரில் எழுதினார். ஆறு மாத உழைப்பை ஏன் எறிகிறோம் என்றே தெரியாமல் அவள் எறிந்தாள். யோகாக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பதினொரு வருடத்தில் அந்த இரண்டு நாள்தான்.

அவர் இளம் வயதில் தனியாக அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் நின்றுகொண்டே மீன் வெட்டியிருக்கிறார். பிறகுதான் படிப்பு. விசாரணை அதிகாரியிடம் தன் பிறந்த வருடத்தை மாற்றிச் சொல்லும்படி கூட வந்தவர்கள் சொன்னார்களாம். ஒரு முறை அதைப் பற்றிப் பேச்சு வந்தது. "அப்ப மாத்திச் சொன்னனான். பிறகு நானே போய்ச் சொல்லித் திருத்தினனான். திருப்பி அனுப்பிப்போடுவினமெண்டு பயம்தான். ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லமாட்டன், ஒரு வருசம் இழுத்தடிச்சவை." அதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காகச் சொன்னதா, வெறுமனே சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியாக அவரைப் பார்த்தது மருத்துவமனையில். போகும் வழியெல்லாம், இன்று கேட்பார், இன்று சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். தொகுப்பு வெளியாக ஒரு மாதம்தான் இருந்தது. கட்டிலில் மடிக்கணினியோடு இருந்தார். மகள் ஆரணி, மருத்துவமனைக்கும் வேலைக்கும் நோர்வேஜியச் சொல்லையே போட்டு, எரிச்சலோடு, "அங்கிள், சீக்கெஹூஸிலயும் அம்மா ஜொப்தான் செய்யிறா. நீங்களாவது சொல்லுங்கோவன்" என்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோகாக்கா என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். மனைவியின் முதுகுவலியைப் பற்றிக் கேட்டார். நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "கவனமாப் போங்கோ, வெளியில வழுக்கும்" என்றார். கேட்காமல் விட்டது மன்னிப்பா, நம்பிக்கை போய்விட்டதா? நானாகவே வாயைத் திறந்திருக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது திரும்பிப் போகலாமா என்றுகூட யோசித்தேன். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

சடங்கில் பரமேஸ் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். "உங்களைப் பற்றி எப்பவும் நல்லாத்தான் கதைப்பா. சேவியர் நேர்மையான ஆள், கொஞ்சம் நேரம் எடுக்கும் எண்டு சொல்லுவா" என்றார். என் பொய்யை அவர் வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை. என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. பூவை வைத்துவிட்டு வெளியே வந்து பனியில் நின்றேன்.

போன வாரம், தொகுப்பை மூடும் நாள். யோகாக்காவின் இடத்துக்கு வந்திருக்கும் இங்கர் என் மேசைக்கு வந்தாள். நல்ல பெண், வேகமான பெண். யோகேஸ்வரியின் பெயரில் பதில் வராமல் கிடக்கும் கேள்விகளை எடுத்துப் பார்த்ததாகச் சொன்னாள். மருத்துவமனையிலிருந்தே எல்லாவற்றையும் முடித்துவிட்டிருக்கிறார், ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"மிகப் பழைய கேள்வி. ஏதோ ஒரு சரக்குக் கப்பல், நான்கு மாத வெப்பம். 'கப்பல் பதில் தரவில்லை' என்று போட்டு மூடிவிடட்டுமா? யோகேஸ்வரியின் பெயரையும் எடுத்துவிடலாம். இனி யார் பதில் சொல்லப் போகிறார்கள்?"

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் பெயர் எந்தக் காலத்திலும் வெளியே வராது. அதற்கு மேல் கேட்க இந்த உலகத்தில் ஆள் இல்லை. பதினொரு வருடமாக நான் ஏங்கியது இதற்குத்தான். "வேண்டாம், கப்பலில் இருந்த ஆளை எனக்குத் தெரியும்" என்றேன். இங்கர் போன பிறகு கட்டத்தைத் திறந்து இப்படி எழுதினேன்:

'இந்த நான்கு மாதமும் நீரின் வெப்பம் அளக்கப்படவில்லை. கருவியில் குறை இல்லை. பணியிலிருந்த மூன்றாம் அதிகாரி எண்களைத் தானாக எழுதினார். பிறகு கேட்டபோதும் பொய் சொன்னார். அந்த அதிகாரி நான்.'

கீழே என் முழுப் பெயர். குறியைத் 'தவறு' என்று மாற்றினேன். அந்த மாணவியைத் தேடிப் பிடித்து அவளுக்கும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை. இங்கர் படித்துவிட்டு, மேலிடத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள். சொல்லட்டும். அடுத்த மாதம் இந்த வேலையில் இருப்பேனா என்று தெரியாது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நாளும் அந்த அக்காவை இதைத் தனியாகச் சுமக்க விட்டீர்களே என்று கேட்டாள்.

யோகாக்காவை அறிந்தவர்களே, அவர் நினைவாக நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது ஒரு வரி. கேள்வி கேட்டவர் பெயர் அதில் யோகேஸ்வரி என்றே இருக்கிறது, எடுக்க விடவில்லை. அதன் எதிரே பதில் கிடைத்த நாள் என்று ஒரு கட்டம். அந்தத் தேதியைக் கணினி தானாகவே போட்டுவிடும், யாராலும் மாற்ற முடியாது. அவர் இறந்த பத்தொன்பதாம் நாள் என்று அது காட்டுகிறது.